சம்பள ஸ்தானத்தில் சனி

2015ஆம் ஆண்டு, கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அடகுக்கடைக்கு என் அக்காளுக்குத் துணையாகப் போனேன். கழுத்தில் கிடந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கம்பிக்குள் நீட்டினாள். உள்ளே இருந்தவர் கல்லில் உரசினார், ஒரு சொட்டு திராவகம் விட்டார், தராசில் போட்டார், தொகையைச் சொன்னார். மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. சங்கிலிக்கு எத்தனை வருட அனுபவம் என்று அவர் கேட்கவில்லை. இதற்கு முன் யார் கழுத்தில் இருந்தது, அங்கிருந்து ஏன் விலகியது, இன்னும் ஐந்து வருடத்தில் தன்னை எந்த இடத்தில் பார்க்க ஆசைப்படுகிறது என்றெல்லாம் விசாரிக்கவில்லை. தங்கம், இத்தனை கிராம், இந்தா பணம்.

அந்தப் பணத்தில்தான் அக்காள் மகன் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கச் சேர்ந்தான். பற்றாத மிச்சத்துக்கு அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பித்து வந்தாள் அக்கா. மூன்றாவது வருடத்தில் ஒரு தவணை தவறியது. சங்கிலி மூழ்கிப்போனது. 2019இல் பட்டம் கரையேறியது.

இன்று அந்தச் சங்கிலி இருந்திருந்தால் அன்றைய விலையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலே போகும். பட்டத்தின் விலை? மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே தன் 2018 ஆண்டறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது: விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், புதுப் பட்டதாரியின் தொடக்கச் சம்பளம் 2010இல் இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. டிப்ளோமாவும் அப்படியே, முதுகலையும் அப்படியே. எட்டு வருடத்தில் ரொட்டி சானாய் ஏறியது, வீட்டு வாடகை ஏறியது, டோல் ஏறியது, பல்கலைக்கழகக் கட்டணம் ஏறியது. அந்தக் கட்டணம் கட்டி வாங்கிய சரக்கு மட்டும் இறங்கியது. எந்த நகைக்கடைக்காரனாவது இப்படி வியாபாரம் செய்திருந்தால் கடையை அடித்து நொறுக்கியிருப்போம். நாமோ பட்டமளிப்பு விழாவுக்குப் புதுப்புடவை எடுத்துக்கொண்டு போனோம்.

அந்த விழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மண்டப வாசலில் பூச்செண்டு, பலூன், பட்டத் தொப்பி போட்ட கரடிப் பொம்மை. கரடி 35 வெள்ளி. அங்கியும் தொப்பியும் வாடகைக்கு, முன்பணம் தனி. மேடையில் கைகுலுக்கும் அரை வினாடியை அதிகாரப்பூர்வப் படமாக வாங்க இன்னொரு தொகை. அக்கா எல்லாவற்றையும் வாங்கினாள். படம் இப்போது அவள் வீட்டுக் கூடத்தில் பத்துமலை முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தினம் ஊதுபத்தி காட்டும்போது இருவருக்கும் சேர்த்தே காட்டுகிறாள். அன்று அந்த வளாகத்தில் கைமேல் லாபம் பார்த்த ஒரே பட்டதாரி அந்தக் கரடிதான்.

இனி அக்காள் மகனின் நேர்காணல். கோலாலம்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம், இருபத்து மூன்றாவது மாடி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்; எந்த மாடியில் ஏறினாலும் இதே நாடகம்தான். மனிதவள அம்மையார் கேட்கிறார்: "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?" பையன் "மூவாயிரம்" என்றான். அம்மையார் சிரித்தார். குழந்தை "நிலாவைப் பிடிச்சுத் தா" என்றால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "உங்களுக்கு அனுபவம் இல்லையே தம்பி." இத்தனைக்கும் அதே நிறுவனத்தின் கணக்கு ஏட்டை, அதே மாடியில், ஆறு மாதம் பயிற்சி மாணவனாக எழுதியவன் அவன். படியாக 600 வெள்ளி கொடுத்தார்கள். "இன்டர்ன்ஷிப்தானே, அது அனுபவத்தில் சேராது" என்றார் அம்மையார். ஆறு மாதம் அவன் போட்ட கணக்கை வருமான வரி இலாகா ஏற்றுக்கொண்டது, தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். சம்பளம் பேசும்போது மட்டும் அது சிறுபிள்ளை கிறுக்கலாகிவிட்டது. 2,300 வெள்ளிக்குக் கையெழுத்து வாங்கினார்கள்.

முதல் மாதச் சம்பளச் சீட்டை என்னிடம் காட்டினான். சேமநிதிக்கு 253. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் பதினைந்து சொச்சம். கையில் 2,031. பிரிக்பீல்ட்ஸில் மாடிக்கடைக்கு மேலே பலகை தடுத்த அறை, ஜன்னல் கிடையாது, 650. பி.டி.பி.டி.என். தவணை 200. மோட்டார்சைக்கிள் தவணை 260. பெட்ரோல் 120, மோட்டாருக்கு டோல் இல்லை, அது முற்பிறவியில் செய்த புண்ணியம். ஒரு நாளைக்கு இருபது வெள்ளிக்குள் சாப்பிட்டால் மாதம் 600. கைப்பேசி 50. அம்மாவுக்கு 100. மிச்சம் 51 வெள்ளி. அதில்தான் சேமிப்பு, மருத்துவம், கல்யாண மொய், காதல், ஓய்வுக்கால முதலீடு எல்லாம். "இளைஞர்களுக்கு நிதி ஒழுக்கம் இல்லை, தினம் விலை உயர்ந்த காப்பி குடிக்கிறார்கள்" என்று மாதத்துக்கு ஒரு பெருமகனாராவது மேடையேறிச் சொல்கிறார். 51 வெள்ளியில் ஒழுக்கம் கெடுவதற்கும் ஒரு திறமை வேண்டும் ஐயா.

கோலாலம்பூரில் தனி ஆள் ஒருவர் மானமாக வாழ மாதம் 2,700 வெள்ளி வேண்டும் என்று கணக்குப் போட்டதும் அதே பேங்க் நெகாராதான். அது 2016ஆம் ஆண்டு விலைவாசிக்கு. ஆக, 2019இல் சேர்ந்த பட்டதாரிக்கு 2016இல் வாழவே 400 வெள்ளி குறைந்தது. பேங்க் நெகாரா இன்னொரு கணக்கும் சொன்னது: ஆயிரம் டாலர் பெறுமான உற்பத்திக்கு மலேசியத் தொழிலாளி பெறும் கூலி 340 டாலர், ஒப்புநோக்கிய முன்னேறிய நாடுகளில் அதே ஆயிரத்துக்கு 510. ஊழியரின் உற்பத்தித்திறன் போதாது, அதனால்தான் சம்பளம் குறைவு என்ற பழைய பல்லவிக்கு மத்திய வங்கியே போட்ட சூடு இது. உற்பத்தி செய்த ஆயிரத்துக்குள்ளேயே பங்கு குறைகிறது என்றால் குறை எங்கே இருக்கிறது? பானையில் இல்லை, அகப்பையில். அறிக்கை வந்தது, கருத்தரங்கு நடந்தது, பரிமாறிய நாசி லெமாக்கைச் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

சரி, அனுபவம்தானே குறை? சம்பாதித்துவிட்டால் போகிறது. பையன் பொறுமையாகச் சம்பாதித்தான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று முதலாளி திரையில் தோன்றிக் கண்கலங்கி அந்த வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார். அடுத்த வருடமும் குடும்பமாகவே இருந்தார்கள். 2022இல் வேறு வேலை தேடினான். அங்கே விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கட்டம்: கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு? மூன்று மாதச் சீட்டை இணைக்கவும்.

இந்த மூன்று சீட்டுகளைத்தான் நான் ஜாதகம் என்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் கிளி ஜோசியர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அவர்கள் எவ்வளவோ தேவலை. கிளி கூண்டை விட்டு வருகிறது, ஒரு அட்டையை இழுக்கிறது, "வடக்கே இருந்து நல்ல சேதி" என்கிறார், சில வெள்ளியோடு நம்மை விடுகிறார். மனிதவளக் கிளியோ சீட்டை இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போடுகிறது: "ஜென்மச் சம்பளம் 2,300. இப்போது நடப்பது 2,550. எங்கள் பாலிசிப்படி பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது." சம்பள ஸ்தானத்தில் சனி உட்கார்ந்துவிட்டது. ஏழரை வருடத்தில் விலகும் சனி அல்ல, ஆயுசுக்கும். வேலை என்ன, பொறுப்பு என்ன, அந்த நாற்காலியில் முன்பு இருந்தவர் எவ்வளவு வாங்கினார் என்பதெல்லாம் பேச்சே இல்லை. முதல் வேலையில் உன்னை எவ்வளவு மலிவாக மடக்கினார்கள் என்பதுதான் கடைசி வேலை வரைக்கும் உன் விலை.

அதே நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் போய், "ஐயா, போன வருடம் எனக்குக் கிடைத்த லாபம் இவ்வளவுதான், இதோ கணக்குச் சீட்டு, அதற்குமேல் பத்து சதவீதத்துக்கு மிகாமல் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லுமா? செருப்பு விற்கிறவன்கூடத் தன் அடக்க விலையைச் சொல்ல மாட்டான். உழைப்பை விற்கிறவன் மட்டும்தான் உள்ளாடை வரைக்கும் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

என் கதை இதற்கு நேர் எதிர். எனக்கு அனுபவம் உண்டு, பட்டம் கிடையாது. எஸ்.பி.எம். பள்ளிச் சான்றிதழோடு போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் சேர்ந்து இருபத்தாறு வருடம் உழைத்தேன். எந்தக் கப்பல் எப்போது தாமதிக்கும், எந்தச் சுங்கப் படிவத்தில் எந்தக் கட்டத்தை விட்டால் பெட்டி மூன்று நாள் மாட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த வருடங்களில் எனக்கு மேலே மூன்று மேலாளர்கள் வந்தார்கள். மூவரும் பட்டதாரிகள், மூவருக்கும் வேலை கற்றுக்கொடுத்தது நான். பதவி உயர்வு கேட்டபோதெல்லாம், "உங்களை மாதிரி ஆள் கிடைக்குமா அண்ணே, ஆனா பேப்பர் இல்லையே" என்றார்கள். நாற்பத்தொன்பது வயதில் ஆள்குறைப்பு வந்தது. அப்போது சொன்ன காரணம் வேறு: நான் அதிகம் அனுபவம் உள்ளவனாம், என் சம்பளத்துக்கு இரண்டு புதுப் பட்டதாரிகளைப் போடலாமாம். போட்டார்கள். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் கடைசி மாதத்தில் நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். அவர்களுக்குச் சம்பளம் குறைவாகப் போட்டதற்கு அவர்களிடம் சொன்ன காரணம்: அனுபவம் இல்லை.

தராசு ஒன்றுதான். படிக்கல் மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாறும்.

இடையில் எக்சிகியூட்டிவ் என்று ஒரு பட்டம் சூட்டுகிறார்கள். பல்கலைக்கழகம் கொடுக்கும் பட்டத்துக்காவது அங்கி வாடகை உண்டு, இது இலவசம். அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ், சேல்ஸ் எக்சிகியூட்டிவ், அட்மின் எக்சிகியூட்டிவ். இரவு ஒன்பது மணிக்கு மேல் அலுவலகத்தில் விளக்கு எரிந்தால் உள்ளே ஓர் எக்சிகியூட்டிவ் கருகுகிறார் என்று பொருள். "எக்சிகியூட்டிவுக்கு ஓவர்டைம் கிடையாது தம்பி" என்பார்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து, மாதம் 4,000 வெள்ளிக்குள் வாங்குகிறவருக்கு மேலதிக நேரத்துக்குக் காசு உண்டு. பதவிப் பெயரைப் பற்றிச் சட்டம் கவலைப்படவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! எல்லாரும் தலையாட்டிவிட்டு, "கேட்டா வேலை போயிடும்லா" என்றார்கள். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணிக்கும் இதே பெருமைதான் இருந்தது. காற்சட்டை போட்டிருக்கிறோம், பால்வாளி தூக்கவில்லை என்ற பெருமை. ஆனால் கிராணிக்குத் தோட்டத்தில் வாடகையில்லாத வீடாவது இருந்தது.

ஒரு கூட்டல் கழித்தல் பார்ப்போம், இலவசமாக. 2019இல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,100. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. படிப்போ அனுபவமோ கேட்காமல் அரசாங்கம் ஏற்றியது 600 வெள்ளி. (அதற்கே ஒவ்வொரு தடவையும் முதலாளிமார் சங்கங்கள் "இப்போது வேண்டாம், நாடு தாங்காது" என்று கை பிசைந்தன. தாங்கியது.) என் அக்காள் மகனின் சம்பளம் 2019இல் 2,300, ஆறு வருடம், இரண்டு கம்பெனி மாறி, இப்போது 3,100. ஏற்றம் 800. ஆக, பட்டம், கடன், மூழ்கிப்போன சங்கிலி, ஆறு வருட அனுபவம் எல்லாம் சேர்த்துச் சந்தை அவனுக்குக் கூடுதலாகப் போட்டது 200 வெள்ளி. அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு 1,700 கொடுத்தது தவறென்று யாரும் திரித்துவிடாதீர்கள். அவருக்கும் அது போதாது. இருவரையும் ஒருவரோடொருவர் பொருமவிட்டு மாடியில் இருப்பவர் காற்று வாங்குகிறாரே, அதைச் சொல்கிறேன்.

படிப்புக்குக் கீழான வேலையில் இருக்கும் பட்டதாரிகளும் டிப்ளோமாக்காரர்களும் மூன்றில் ஒருவருக்கும் மேல். இது புள்ளிவிவரத் துறையின் கணக்கு. எனக்குத் தெரிந்த பொறியியல் பட்டதாரி ஒருவர் பகலில் தொழிற்சாலையில் தர மேற்பார்வை, இரவில் கிராப் ஓட்டுகிறார். கிராப்பின் கதையே ஒரு பாடம். 2012இல் மைடெக்சி என்ற பெயரில் கோலாலம்பூரில் பிறந்த பிள்ளை, பிறகு தன் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டது. நிறுவனம் எல்லை தாண்டினால் வளர்ச்சி. அதன் காரை ஓட்டுகிறவன் சிங்கப்பூர் வெள்ளிக்கு ஆசைப்பட்டுப் போனால் நாட்டுப்பற்று இல்லாதவன்.

இதற்கு மேல் நமக்கென்றே தனியாக ஒரு வரி இருக்கிறது, பெயர் வரி. லீ ஹுவோக் ஆன், முகமது அப்துல் காலிட் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கற்பனைப் பட்டதாரிகளின் விண்ணப்பங்களைப் பொறியியல், கணக்கியல் வேலைகளுக்கு அனுப்பினார்கள். சீனப் பெயருக்கு நூற்றில் 22 அழைப்பு வந்தது, மலாய்ப் பெயருக்கு நான்கு. தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. நம் பெயருக்கு எத்தனை என்று ஆவலாகத் தேடாதீர்கள். அந்தச் சோதனையில் இந்தியப் பெயரே அனுப்பப்படவில்லை. பாகுபாட்டைப் பற்றிய ஆராய்ச்சியிலும் நமக்கு நேர்காணல் கிடைக்கவில்லை. 2019இல் பல்கலைக்கழக நுழைவுக்கான மெட்ரிகுலேஷன் படிப்பில் பூமிபுத்ராவுக்கான இட ஒதுக்கீடு பற்றிச் சர்ச்சை கிளம்பியபோது அன்றைய கல்வி அமைச்சர் மஸ்லீ மாலிக், ஒதுக்கீடு வேண்டாமென்றால் மாண்டரின் தெரியாததால் பூமிபுத்ராவுக்கு வேலை மறுக்கப்படுவதும் நிற்க வேண்டும் என்றார். இரண்டு யானைகள் வழக்காடின. மெட்ரிகுலேஷனில் இடமும் இல்லாமல் மாண்டரினும் தெரியாமல் நடுவில் நின்ற பிள்ளையைப் பற்றி இரண்டு யானைக்கும் ஞாபகமில்லை. வருடா வருடம் தேர்வு முடிவு வந்ததும் நம் தலைவர்கள் ஓர் அறிக்கை விடுவார்கள், ஒரு மகஜர் கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். எழுத்து மாறாத அதே அறிக்கைதான், தேதி மட்டும் புதிது.

நம் முதலாளிகளை விட்டுவைப்பதா? "நம்ம பையன், நம்ம ஆளு" என்று தோளில் கை போடுவார்கள். அந்தக் கையின் எடைக்கு மாதம் 300 வெள்ளி பிடித்தம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு வாரி வழங்குவார், பெயர்ப் பலகை பத்தடிக்கு நிற்கும், கடையில் கணக்கு எழுதும் பெண்ணுக்குச் சேமநிதி நாலு மாதம் கட்டியிருக்க மாட்டார். கேட்டால், "தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்கு வெளியில யாரும்மா வேலை கொடுப்பா?"

பட்டமும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம், மாதம் 16,000 வெள்ளி என்று ஒரு வேலை இந்த நகரத்தில் இருக்கவே செய்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர். அரசியல் சட்டம் கேட்பது குடியுரிமை, வயது போன்றவற்றைத்தான், சான்றிதழை அல்ல. அது மக்களாட்சிக்கு நல்லதே. ஆனாலும் அவர்களுக்குப் பட்டத்தின் மேல் இருக்கும் மோகத்தைப் பாருங்கள்: 2019இல் ஒரு வெளியுறவுத் துணை அமைச்சரின் கேம்பிரிட்ஜ் பட்டம் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் அல்ல, அமெரிக்காவில் அதே பெயரை முன்னால் ஒட்டிக்கொண்ட வேறொரு கடை என்று தெரிய வந்தது. என் அக்காள் மகனின் பட்டம் அசல். 2,300 கொடுத்தார்கள்.

கிள்ளானுக்குச் சம்பளச் சண்டை புதிதல்ல. 1941இல் உலகப் போருக்காக ரப்பர் பணமாகக் கொட்டியபோது, இந்தச் சுற்று வட்டாரத் தோட்டங்களில் தமிழனுக்கு நாள்கூலி 50 காசு. அதே பால்மரத்தை வெட்டிய சீனருக்கு அதைவிடக் கூடுதல். ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்டுக் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அதன் தலைவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். மே மாதம் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் கூலிக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: துரையையோ தோட்ட அதிகாரிகளையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். பந்திங் பக்கம் மரம் வெட்டிய என் தாத்தா, கூலி எத்தனை காசு ஏறியது என்பதை மறந்துவிட்டார். சைக்கிள் விஷயத்தைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அக்காள் மகன் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தான். முழங்கால் வரை நனைந்திருந்தது. மழையில் எங்காவது மாட்டிக்கொண்டாயா என்று கேட்டேன்.

"இல்ல மாமா, ஆபீஸ் கேட்லயே லேட்டாயிடுச்சு. வண்டியத் தள்ளிக்கிட்டுதான் வெளிய வரணும், புது ரூல். ஓட்டிக்கிட்டு வரக்கூடாதாம்."

"ஏன்?"

"பாஸ் கார் எறங்குற நேரமாம். ஓரமா எறங்கி நிக்கச் சொல்றான் கார்டு."

"எறங்கினியா?"

துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "எல்லாரும்தான் எறங்குனோம் மாமா. எக்சிகியூட்டிவ் எல்லாரும்."